ஒரு புள்ளியில் வென்ற பட்டம்: 2018-19 ஐ-லீக் சீசனைத் திரும்பிப் பார்க்கும் விவாத இழை

கோவை_வடக்குக்கேலரி எழுதியது:

2019 மார்ச் 9 அன்று மாலை கோவை நேரு விளையாட்டரங்கில் இருந்தவர்கள் இந்தக் களத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. நான் இருந்தேன். மினர்வா பஞ்சாப் அணிக்கு எதிரான சீசனின் கடைசி ஆட்டம் அது. கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் 40 புள்ளிகளோடும், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளோடும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஊர்களில் களமிறங்கின. வென்றால் பட்டம் நமக்கு. சமன் செய்து, அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டால் பட்டம் அவர்களுக்கு. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் ரோலண்ட் பிலாலா மினர்வாவுக்காகக் கோல் அடித்தபோது, என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தவர், பிறகு இடைவேளை வரை உட்காரவே இல்லை.

இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியை உள்ளே அனுப்பினார். அடுத்து, அந்தச் சீசனில் கோல் அடிப்பவராக யாரும் எண்ணிப் பார்த்திராத பாதுகாப்பு ஆட்டக்காரர் கௌரவ் போரா ஒன்றல்ல, இரண்டு கோல்களை அடித்தார். 3-1. சென்னை சிட்டி ஐ-லீக் சாம்பியன் ஆனது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு கழகம் அந்த லீகை வென்றது அதுவே முதல் முறை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அந்த வெற்றிக்கு இரண்டே சீசன்களுக்குப் பிறகு, அதாவது 2020-21க்குப் பின்னர், அந்தக் கழகம் ஐ-லீகில் ஆடவே இல்லை. பட்டம் வென்ற அணி இவ்வளவு விரைவாகக் கண்ணிலிருந்து மறைந்தது எப்படி? அந்த வெற்றியே கடைசி நாள் அதிர்ஷ்டத்தால் வந்ததா, அல்லது வெற்றி உண்மையானது, வீழ்ச்சிக்குத்தான் வேறு காரணமா? கழகத்தின் உள்விவகாரங்கள் பற்றிய வதந்திகளை இங்கே கொண்டு வராமல், களத்தில் நடந்ததையும் எல்லோரும் அறிந்த முடிவுகளையும் மட்டும் வைத்துப் பேசலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புள்ளிக்கணக்கு எழுதியது:

அதிர்ஷ்டம் என்ற சொல்லை முதலில் எடுத்துவிடலாம், நண்பரே. பதினொரு அணிகள், ஆளுக்கு 20 ஆட்டங்கள்; வெற்றிக்கு மூன்று புள்ளிகள், சமனுக்கு ஒன்று. சென்னை சிட்டி 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி என்று 43 புள்ளிகள் பெற்றது. ஈஸ்ட் பெங்கால் 13 வெற்றி, 3 சமன், 4 தோல்வி என்று 42 புள்ளிகள் பெற்றது. இரண்டு அணிகளும் வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை ஒன்றே. ஒரு தோல்வியைச் சமனாக மாற்றத் தெரிந்த அணி பட்டத்தை எடுத்துச் சென்றது என்று மேலோட்டமாகச் சொல்லலாம். ஆனால் ஈஸ்ட் பெங்கால் தோற்ற அந்த நான்கு ஆட்டங்கள் எவை என்று பார்த்தால்தான் கதை புரியும். அவற்றில் இரண்டு சென்னை சிட்டியிடம் தோற்றவை. முதலில் கொல்கத்தாவில் 2-1, பிறகு கோவையில் 2-1. பட்டத்துக்குப் போட்டியிட்ட ஒரே எதிரியிடமிருந்து ஆறு புள்ளிகளையும் எடுத்துக்கொண்டு, ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்ற அணியை அதிர்ஷ்டசாலி என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

கடைசி நாள் அவ்வளவு பதற்றமாக அமைந்ததே, அதற்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 என்று சென்னை சிட்டி தோற்றதால்தான். அன்று வென்றிருந்தால், மார்ச் 9க்கு முன்பே பட்டம் உறுதியாகியிருக்கும். உங்கள் பக்கத்துப் பெரியவரும் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். இன்னொன்றையும் கவனியுங்கள். கடைசி நாள் இடைவேளையில் சென்னை சிட்டி ஒரு கோல் பின்தங்கியிருந்தது, கோழிக்கோட்டில் இரு அணிகளும் கோல் அடிக்கவில்லை. அதாவது, அந்தப் பதினைந்து நிமிடங்களுக்கு இரண்டு கழகங்களும் சரியாக 40 புள்ளிகளில் நின்றன.

மான்சி அந்தச் சீசனில் அடித்தவை 21 கோல்கள். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. முதல் நாளன்றே, 2018 அக்டோபர் 26 அன்று, இந்தியன் ஆரோஸ் இளையோர் அணிக்கு எதிரான 4-1 வெற்றியில் மான்சி ஹாட்ரிக் அடித்துக் கணக்கைத் தொடங்கிவிட்டார். ஆனால் பிளாசா ஆடிய சர்ச்சில் நான்காவது இடத்தில்தான் முடித்தது. ஒரே அளவு கோல் அடித்த இருவரில் ஒருவரின் அணி முதலிடத்திலும் மற்றவரின் அணி நான்காமிடத்திலும் இருக்கிறது என்றால், மீதிப் பத்துப் பேரைப் பற்றியும் பேச வேண்டும் என்றுதானே பொருள்?

கொல்கத்தா_குடியேறி எழுதியது:

இருபது ஆண்டுகளாக இங்கே வேலை பார்க்கும் தமிழன் நான்; ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு-மஞ்சள் சட்டைக்குப் பழகிப்போனவன். அதனால் என் சாய்வை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பேசுகிறேன்.

ஈஸ்ட் பெங்கால் கடைசியாக நாட்டின் லீக் பட்டத்தை வென்றது 2003-04இல். அப்போது அதற்கு ஐ-லீக் என்ற பெயரே இல்லை, தேசியக் கால்பந்து லீக் என்றார்கள். பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு முடியப் போகிறது என்று அன்று நினைத்தோம். அந்தச் சீசனில் மோகன் பகானை 3-2 என்றும் 2-0 என்றும் உள்ளூர் எதிரிகள் மோதும் இரண்டு டெர்பிகளிலும் வென்றிருந்தோம். அலெஹாந்த்ரோ மெனெண்டெஸ் பயிற்சியில் அணி பின்பகுதியிலிருந்து பந்தைக் கட்டி எடுத்து வருவதைப் பார்க்கவே இதமாக இருந்தது. கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவின் மார்க்கஸ் ஜோசப் முதல் கோலை அடித்த பிறகும், ஹைமே சாண்டோஸ் கோலாடோ பெனால்டியில் சமன் செய்து, லால்டன்மாவியா ரால்டே வெற்றிக் கோலை அடித்தார். நாங்கள் எங்கள் வேலையை முடித்துவிட்டோம். கோவையிலிருந்து வந்த செய்திதான் மாறவில்லை.

புள்ளிக்கணக்கு சொல்வது சரி. நாங்கள் பட்டத்தை இழந்தது மார்ச்சில் அல்ல. சொந்த மண்ணில் சென்னை சிட்டியிடம் தோற்ற மாலை ஒன்று. பிப்ரவரி இறுதியில் ஐசால் அணியோடு 1-1 என்று நின்ற நாள் மற்றொன்று. அந்த 1-1ஐ நினைத்து இன்றும் மனம் புழுங்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சீசனைப் பற்றிப் பேசும்போது ரியல் காஷ்மீரை மறந்துவிட வேண்டாம். 2016இல்தான் பிறந்த கழகம் அது. டேவிட் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பயிற்சியில், லீகின் உச்சத் தட்டில் ஆடிய முதல் ஆண்டிலேயே, முதல் ஆட்டத்திலேயே, அன்றைய நடப்புச் சாம்பியன் மினர்வாவை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்தார்கள். ஸ்ரீநகரின் செயற்கைப் புல் மைதானத்தில், குளிரில், கம்பளி போர்த்திக்கொண்டு வந்த கூட்டத்தின் முன்னால் ஆடி மூன்றாவது இடத்தைப் பிடித்தார்கள். புல்வாமா தாக்குதல் நடந்தது பிப்ரவரி 14. நான்கு நாள் கழித்து ஸ்ரீநகரில் ஆட வேண்டியிருந்த மினர்வா அங்கே செல்லவில்லை. எங்களுக்கு ஸ்ரீநகரில் நடக்க வேண்டிய ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது. நாங்கள் 2-1 என்று வென்றோம். அந்த வெற்றியை நான் முழு மனதோடு கொண்டாடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தன் ஊரில், தன் கூட்டத்தின் முன் ஆட முடியாத அணியை வெல்வதில் என்ன பெருமை இருக்கிறது?

வியாசர்பாடி_விங்கர் எழுதியது:

எல்லோரும் மாலை போட்டு முடித்துவிட்டதால், நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரில் சென்னை, ஆடியது கோவையில். கோல் அடித்தவர் உருகுவேயில் பிறந்து ஸ்பெயினின் கீழ்த்தட்டு லீகுகளில் ஆடியவர். அவருக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தவர்கள் நெஸ்டர் கோர்டிலோவும் சாண்ட்ரோ ரொட்ரிகெஸும். பின்னால் நின்றவர் ரொபெர்டோ எஸ்லாவா. கோல் கம்பத்தைக் காத்தவர் நௌசெத் சந்தானா. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். முதுகெலும்பு முழுவதும் வெளியிலிருந்து வந்தது. இதைத் தமிழகக் கால்பந்தின் வெற்றி என்று நாம் மார்தட்டிக்கொள்வது, பக்கத்து வீட்டில் வெளியூர்ச் சமையல்காரர் வந்து சமைத்த கல்யாண விருந்தை நம் வீட்டுச் சமையல் என்று சொல்வது போல இருக்கிறது.

வடசென்னையில் எங்கள் தெருக்களில் காலையிலும் மாலையிலும் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கு, நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி நடந்த அந்தப் பட்டத்தால் என்ன மாறியது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரில் நேரு அரங்கில் ஆடிய சென்னையின் எஃப்.சி., அதே ஆண்டு ஐ-லீகுக்கு இணையாக நடந்த இந்தியன் சூப்பர் லீகில் (ஐ.எஸ்.எல்.) நடப்புச் சாம்பியனாக இறங்கி, 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் எடுத்துக் கடைசி இடத்தில் முடித்தது. ஒரே மாநிலத்தில் ஒரு லீகின் முதலிடமும் இன்னொரு லீகின் கடைசி இடமும்! ஆனால் அடுத்த ஆண்டு யாருக்கு மேல்தட்டு, யாருக்குக் கீழ்த்தட்டு என்பதை இந்த முடிவுகள் எள்ளளவும் மாற்றவில்லை.

தூத்தூர்_கரை எழுதியது:

அண்ணே, உங்கள் கடைசிப் பத்தியோடு எனக்குச் சண்டை இல்லை. முதல் பத்தியோடுதான் சண்டை.

எங்கள் குமரி மாவட்டக் கடற்கரைக் கிராமங்களில், மீன்பிடிப் படகு கரையேறிய பிறகு மணலில் பந்து ஆடி வளர்ந்தவர்கள்தான் பெரும்பாலான வீரர்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து மைக்கேல் சூசைராஜ் 2017-18இல் சென்னை சிட்டிக்காக ஆடியதைப் பார்த்துத்தான் ஐ.எஸ்.எல். அணியான ஜாம்ஷெட்பூர் அவரை எடுத்தது. அடுத்த ஆண்டு அவர் கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்குச் சென்றார், அந்த அணி 2019-20 ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. பட்டம் வென்ற அணியில் எட்வின் சிட்னி வான்ஸ்பால் வலது பக்கத்தில் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்க்கவில்லையா? அடுத்த சீசனில் அவர் எங்கே இருந்தார்? உங்கள் ஊர்ச் சென்னையின் எஃப்.சி.யில். அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் பிறகு எஃப்.சி. கோவாவுக்குச் சென்றார். அஜித் குமார் அந்த அணியில் ஆடும்போது இளைஞர்.

வெளிநாட்டு வீரர்கள் முதுகெலும்பாக இருந்தது உண்மை. ஆனால் அந்த லீகில் எந்த அணியின் முதுகெலும்பு வெளிநாட்டினர் அல்லர்? ஈஸ்ட் பெங்காலுக்கு ஸ்பெயின் பயிற்சியாளரும் கோலாடோவும் இருந்தார்கள். சர்ச்சிலுக்குப் பிளாசா இருந்தார். அவர்களோடு ஆடி நம் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதுதான் கேள்வி. அக்பர் நவாஸின் அணி, கோல்கீப்பர் காலிலிருந்தே பந்தைச் சிறு சிறு பாஸ்களாகக் கட்டிக்கொண்டு வந்து ஆடியது. நம் ஊர் ஆட்டத்தில் பந்தை எடுத்தவுடன் தூக்கி முன்னால் அடிப்பதுதான் பழக்கம். ஓராண்டு முழுக்க வேறு மாதிரி ஆடிப் பழகிய இந்திய வீரர்கள், பிறகு மற்ற அணிகளில் அதைக் கொண்டுபோய்ப் பயன்படுத்தினார்கள். அதை நாம் விருந்தோடு ஒப்பிட்டால், சமையல்காரர் போன பிறகும் கைப்பக்குவம் வீட்டிலேயே தங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

கோவை_வடக்குக்கேலரி எழுதியது:

தூத்தூர் நண்பர் சொன்ன வீரர்கள் எல்லோரும் சென்னை சிட்டியை விட்டுப் போனவர்கள் என்பதைக் கவனித்தீர்களா? அதுதான் என்னை உறுத்துகிறது. வென்ற அணியிலிருந்து எல்லோரும் மேலே போகிறார்கள். அணி மட்டும் போக முடியவில்லை. இந்த அமைப்பு எப்படி உருவானது என்பதை, பழைய லீக் நாட்களிலிருந்து பார்த்தவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

பழைய_பந்து எழுதியது:

நான் விளக்க முயல்கிறேன்.

தேசியக் கால்பந்து லீக் 1996இல் தொடங்கியபோது சென்னையிலிருந்து இந்தியன் வங்கி அணி அதில் ஆடியது. வங்கி ஊழியர்கள், வேலை முடிந்து பயிற்சிக்கு வருவார்கள். 2007இல் அந்த லீக் ஐ-லீக் என்ற பெயரில் தொழில்முறை லீகாக மாறியது. 2014இல் ஐ.எஸ்.எல். வந்தது, முதலில் இரண்டு மாதத் திருவிழா மாதிரி, ஐ-லீகோடு மோதாத காலத்தில் நடந்தது, வீரர்கள் இரண்டிலும் ஆடினார்கள். 2017-18 முதல் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கின. அன்றே ஐ-லீகின் விதி எழுதப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம். இரண்டு முறை ஐ-லீகை வென்றிருந்த பெங்களூரு எஃப்.சி. அந்த ஆண்டே ஐ.எஸ்.எல்.லுக்கு மாறியது.

அந்தக் காலத்தின் சாம்பியன்களைப் பாருங்கள். 2016-17இல் ஐசால், 2017-18இல் மினர்வா பஞ்சாப், 2018-19இல் சென்னை சிட்டி. மூன்றும் சிறிய கழகங்கள். மூன்றும், அந்த வெற்றியால் எங்கும் ஏற முடியாத கழகங்கள். எனவே இது சென்னை சிட்டியின் தனிக்கதை அல்ல.

அந்தச் சீசனின் நடுவில் சில ஐ-லீக் ஆட்டங்களின் தொலைக்காட்சி நேரலை நிறுத்தப்பட்டது; கழகங்கள் கடுமையாக எதிர்த்தன. தொலைக்காட்சியில் வராத ஆட்டத்துக்கு எந்த நிறுவனம் சட்டையில் பெயர் போடப் பணம் தரும்? சீசன் முடிந்த கையோடு, தங்கள் எதிர்காலம் பற்றி இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டுப் பல ஐ-லீக் கழகங்கள், இரண்டு லீகுகளின் அணிகளும் மோதும் சூப்பர் கோப்பையைப் புறக்கணித்தன. சென்னை சிட்டி ஆடியது. புவனேசுவரத்தில் கால் இறுதியில், அப்போதுதான் ஐ.எஸ்.எல். சாம்பியன் ஆகியிருந்த பெங்களூருவை 2-1 என்று வென்றது. அரை இறுதியில் எஃப்.சி. கோவாவிடம் 0-3 என்று தோற்றது. இரண்டு லீகுகளின் சாம்பியன்களும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டத்தில் வென்றது "இரண்டாம் தர" லீகின் சாம்பியன் என்பதை, தரம் பற்றிப் பேசுகிறவர்கள் ஏனோ சொல்வதே இல்லை.

2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஐ.எஸ்.எல்.லை நாட்டின் முதல் லீகாக ஏற்றுக்கொண்டது. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே ஏறும் வழி 2022-23 சீசனிலிருந்துதான் திறந்தது. அந்த ஆண்டு வென்ற பஞ்சாப் கழகம் ஏறியது. அதற்கு அடுத்த ஆண்டு வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. சென்னை சிட்டி வென்றது அந்த வழி திறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால்.

வியாசர்பாடி_விங்கர் எழுதியது:

ஐயா, உங்கள் விளக்கம் தெளிவாக இருந்தது. ஆனால் ஓர் இடத்தில் இடிக்கிறது. கோகுலம் கேரளா 2020-21இலும் 2021-22இலும் அடுத்தடுத்து ஐ-லீகை வென்றது. அவர்களுக்கும் கதவு மூடியேதான் இருந்தது. ஆனால் அந்தக் கழகம் அதன் பிறகும் லீகில் தொடர்ந்து ஆடியது. பெண்கள் அணியைக் கட்டி இந்திய மகளிர் லீகையும் வென்றது. ஏறும் வழி இல்லாததுதான் சென்னை சிட்டியைச் சாய்த்தது என்றால், கோகுலம் ஏன் சாயவில்லை?

என் பதில் இதுதான்: கோகுலத்தின் பின்னால் ஓர் ஊர் இருந்தது. கோழிக்கோட்டில் லீக் இல்லாத நாட்களிலும் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டம் வரும். சென்னை சிட்டிக்குச் சென்னை சொந்த ஊரும் இல்லை, கோவை சொந்தப் பெயரும் இல்லை.

பழைய_பந்து எழுதியது:

கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. பாதி விடை சொல்கிறேன்.

வென்ற ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. இந்தியக் கழகம் ஒன்றில் ஐரோப்பியக் கழகம் அப்படி முதலீடு செய்தது அன்று பெரிய செய்தி. இளையோர் பயிற்சி மையங்கள் பற்றியெல்லாம் பேசினார்கள். மேலே ஏறும் வாய்ப்புள்ள லீகில் இப்படி ஒரு கூட்டு அமைந்தால் அதற்குப் பொருள் வேறு. ஏற முடியாத லீகில், முதலீட்டின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு கரையத்தான் செய்யும்.

இரண்டாவது, நீங்கள் சொன்ன ஊர் விஷயம். சாம்பியன் என்ற முறையில் சென்னை சிட்டிக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் ஆடும் வாய்ப்பு கிடைத்தது. 2020 ஜனவரி 14 அன்று பஹ்ரைனின் அல் ரிஃபா அணியோடு மோதி 0-1 என்று தோற்றது. அந்த "சொந்த மண்" ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா? அகமதாபாத்தில். கழகத்தின் வரலாற்றிலேயே பெரிய ஆட்டத்தை அதன் ரசிகர்கள் தொலைவில் இருந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு ஆசியாவின் இரண்டாம் நிலைக் கழகப் போட்டியான ஏ.எஃப்.சி. கோப்பையில் 2020 மார்ச்சில் மாலத்தீவில் மாஸியாவோடு 2-2 என்று சமன் செய்தார்கள். அதோடு கொரோனா வந்துவிட்டது, போட்டியே ரத்தானது. 2020-21 ஐ-லீக் முழுவதும் வங்காளத்தில், கொல்கத்தாவிலும் கல்யாணியிலும், பார்வையாளர் இல்லாமல் நடந்தது. ஆக, பட்டம் வென்ற பிறகு அந்தக் கழகம் கோவைக் கூட்டத்தின் முன்னால் ஆடியது ஒரே ஒரு சீசனின் சில மாதங்கள் மட்டுமே. வேர் பிடிக்க அதற்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். கோகுலத்துக்கு முன்பே வேர் பிடித்த மண் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தூத்தூர்_கரை எழுதியது:

இதோடு அணி கலைந்த வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோர்டிலோ ஐ.எஸ்.எல்.லில் ஹைதராபாத் பக்கம் போனார். வான்ஸ்பால் போனார். மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டா கழகத்துக்குப் போனார். பட்டம் வென்ற அணியை அப்படியே இன்னொரு சீசன் வைத்திருக்கும் வலு எந்த ஐ-லீக் கழகத்துக்கும் அன்று இல்லை. ஐசால் வென்ற அடுத்த ஆண்டும், மினர்வா வென்ற அடுத்த ஆண்டும் இதே கதைதான் நடந்தது. பட்டியலில் மினர்வா 2018-19இல் எங்கே முடித்தது என்று பாருங்கள். கடைசி மூன்று இடங்களில்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், வியாசர்பாடி அண்ணே. எங்கள் கடற்கரையிலிருந்து கோவைக்குப் போய் அந்த அணியின் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. திருவனந்தபுரம் எங்களுக்குப் பக்கம். பிள்ளைகள் அந்தப் பக்கத்து அணிகளைத்தான் பார்த்து வளர்கிறார்கள்.

கொல்கத்தா_குடியேறி எழுதியது:

ஈஸ்ட் பெங்கால் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. கோவையில் ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்த எங்கள் கழகம், அதற்குப் பிறகு ஐ-லீகை வெல்லாமலேயே, புதிய முதலீட்டாளர் ஒருவர் கிடைத்ததும் 2020-21இல் ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்தது. மோகன் பகான் ஏ.டி.கே.வோடு இணைந்து நுழைந்தது. வென்ற நீங்கள் கீழே நின்றீர்கள், தோற்ற நாங்கள் மேலே போனோம். அன்று இங்கே தெருவில் பட்டாசு வெடித்தார்கள். நானும் மகிழ்ந்தேன், ஆனால் 2019 மார்ச் மாத மாலை நினைவுக்கு வந்ததை மறைக்க மாட்டேன்.

புள்ளிக்கணக்கு எழுதியது:

கொல்கத்தா நண்பரின் பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் சமநிலைக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோவை நண்பருக்குப் பிடிக்காவிட்டாலும். சென்னை சிட்டி 2016-17இல் ஐ-லீகுக்குள் எப்படி வந்தது? இரண்டாம் பிரிவை வென்று ஏறி வரவில்லை. கூட்டமைப்பு புதிய கழகங்களுக்கு விண்ணப்பம் கோரியபோது, மினர்வாவோடு சேர்ந்து நேரடியாக நுழைந்தது. அதாவது, மார்ச் 9 அன்று கோவையில் மோதிய இரண்டு அணிகளும் விண்ணப்பக் கதவு வழியாக வந்தவை. அந்த 2018-19 சீசனில் தரமிறக்கப்பட்ட ஷில்லாங் லாஜோங் அணிதான் ஒரு காலத்தில் கீழ்ப்பிரிவில் ஆடி, ஏறி வந்த கழகம். ஆட்டத்தால் ஏறியவர் ஆட்டத்தால் இறங்கினார்; விண்ணப்பத்தால் வந்தவர்கள் பட்டங்களை வென்றார்கள். ஆகவே "கதவு மூடியிருந்தது" என்று நாம் குறை சொல்லும்போது, நமக்கு வேறொரு கதவு திறந்துவிடப்பட்டிருந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கோவை_வடக்குக்கேலரி எழுதியது:

பிடிக்கவில்லைதான்; ஆனால் சரியாகத்தான் சொல்கிறீர்கள்.

வியாசர்பாடி நண்பர் கோகுலத்தைக் காட்டிக் கேட்ட கேள்வியை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். அவர் சொல்வதில் ஒரு பகுதியை மட்டும் மறுக்கிறேன். கோவைக்கு அந்தக் கழகம் "சொந்தப் பெயர் இல்லாத" அணியாக இருந்தது உண்மையே என்றாலும், சீசனின் தொடக்கத்தில் விளையாட்டரங்கின் வெளிப்புறக் கடைகளில் வேலை பார்த்துவிட்டு, கடையைச் சாத்திய பிறகு எட்டிப் பார்க்க வந்தவர்கள், பிப்ரவரியில் வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார்கள். வ.உ.சி. பூங்காவுக்கு வந்த குடும்பங்கள் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டு உள்ளே வந்ததை நானே பார்த்திருக்கிறேன். மான்சியை "மணி" என்று கூப்பிட்ட ஒரு கூட்டம் எங்கள் கேலரியில் இருந்தது. வேர் பிடிக்கத் தொடங்கியிருந்தது. பழைய பந்து ஐயா சொன்னது போல, அதற்கு நேரம்தான் போதவில்லை.

இழையின் முதல் பதிவில் "கடைசி நாள் அதிர்ஷ்டமா" என்று எழுதியிருந்த வரியை நீக்கிவிட்டு, ஈஸ்ட் பெங்காலிடமிருந்து எடுத்த ஆறு புள்ளிகளையும், பெங்களூருவை வென்ற சூப்பர் கோப்பை ஆட்டத்தையும் அங்கே சேர்க்கப் போகிறேன். அகமதாபாத் ஆட்டத்துக்கு இங்கிருந்து ரயிலேறிப் போனவர்கள் யாராவது இருந்தால், அன்று அரங்கில் தமிழ்க் குரல் கேட்டதா என்பதை மட்டும் வந்து எழுதுங்கள்.